பந்தும் வாளியும் தாளமும்

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாட்டு வகுப்பு நடத்தும் நமக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை. "ஆதி தாளத்திற்கு எத்தனை எண்ணிக்கை?" என்று கேட்டால் குழந்தைகள் எல்லோரும் "8" என்று சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். போட்டுக் காட்டச் சொன்னால் கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். போகப் போக வேகமும் கூடிவிடுகிறது. நாம் திருத்தத் திருத்தத் தாளம் என்றாலே அவர்களுக்குப் பயம் வந்துவிடுகிறது. ஆறாம் வகுப்பு வந்ததும் கூடைப்பந்துப் பயிற்சியைச் சொல்லிப் பலர் நின்றுவிடுகிறார்கள். அந்தப் பந்தையே வகுப்புக்குள் கொண்டுவந்தால் என்ன?

இது அமெரிக்கப் புதுமை அன்று. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் பந்தடித்துக்கொண்டு பாடும் கந்துக வரியும், காய்களை எறிந்து பிடித்துப் பாடும் அம்மானை வரியும் உள்ளன. மாணிக்கவாசகரும் திருவம்மானை பாடியிருக்கிறார். திருக்குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடும் பாட்டில் பந்தின் துள்ளலே சொற்கட்டாக வருகிறது.

வாளியும் அப்படித்தான். கடம் என்பது என்ன? மண்பானைதானே! அந்தப் பானையை விக்கு விநாயக்ராம் உலக மேடைகளுக்குக் கொண்டுபோனார். அவர் வாசித்த 'பிளானட் டிரம்' இசைத்தட்டு 1992-ல் கிராமி விருது பெற்றது. நியூயார்க் வீதிக் கலைஞர்களோ 5 காலன் பிளாஸ்டிக் வாளியையே வாத்தியமாக்கிக்கொண்டார்கள்.

இனி பாடத்திற்கு வருவோம்.

முதற்படி, வாய். தகிட (3), தகதிமி (4), தகதகிட (5) ஆகியவற்றை நடந்துகொண்டே, ஓர் எழுத்துக்கு ஓர் அடி வைத்துச் சொல்ல வேண்டும். வாயில் வராதது கையில் வராது.

இரண்டாம் படி, பந்து. சிறுவர்களுக்கு டென்னிஸ் பந்து போதும். ஆதி தாளத்தில் தட்டு விழும் 1, 5, 7 ஆகிய எண்களில் பந்து தரையில் பட வேண்டும். 2, 6, 8-ல் கைக்கு வர வேண்டும். 3, 4-ல் பந்தைப் பிடித்தபடி வாயால் எண்ணலாம். வீச்சு விழும் 6, 8 இரண்டிலும் கை பந்தை ஏந்துவதைக் கவனியுங்கள். 5-ல் தரையில் பட வேண்டுமானால் 4-லேயே பந்தை விட வேண்டும். அடுத்த தட்டை முன்கூட்டியே மனத்தில் கேட்கும் பழக்கம் இப்படித்தான் வருகிறது. தவிர, பந்தை அவசரப்படுத்த முடியாது. 4 அடி உயரத்திலிருந்து விட்ட பந்து தரையைத் தொட ஏறக்குறைய அரை விநாடி ஆகும். யார் விட்டாலும் அவ்வளவுதான். ஓடும் குழந்தையை நாம் அதட்ட வேண்டியதில்லை, பந்தே நிறுத்தும்.

மூன்றாம் படி, வாளி. கவிழ்த்து வைத்து, ஒரு பக்கத்தைக் காலால் சற்றே தூக்கிக்கொண்டால் நாதம் வெளியே வரும். நடுவில் தட்டினால் மிருதங்கத்தின் தொப்பியைப் போலக் கனத்த ஓசை. விளிம்பில் தட்டினால் வலந்தலையைப் போலக் கூரிய ஓசை. 'த' நடுவில், மற்ற எழுத்துக்கள் விளிம்பில்.

கடைசியாக, வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு அணி பந்தில் ஆதி தாளம் போட, மற்ற அணி எண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தகிட வாசிக்கட்டும். முதல் ஆவர்த்தனத்தில் சேராது, இரண்டாவதிலும் சேராது. 8 தகிட முடியும்போது 24 எண்ணிக்கை, அதாவது சரியாக 3 ஆவர்த்தனம். இரு அணியும் சமத்தில் வந்து சேரும். பள்ளியில் படித்த மீச்சிறு பொது மடங்கு இங்கே காதில் கேட்கிறது! எங்கள் வகுப்பில் முதல்முறை சேர்ந்தபோது குழந்தைகள் போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து பெரியவர்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

சில வாரங்கள் கழித்துப் பந்தைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். வெறுங்கை தொடையில் விழும். பந்தின் நிதானம் கையில் தங்கியிருக்கும். பெற்றோர்களே, வீட்டில் பந்துச் சத்தம் கேட்டால் உடனே அதட்ட வேண்டாம். ஒரு நிமிஷம் கூடவே எண்ணிப் பாருங்கள். அது ஆதி தாளமாக இருக்கலாம்.