புல்தரையில் புளியாரை: பிடுங்கப் பிடுங்க ஏன் பெருகுகிறது?

கேள்வி: ஐயா, கோவையில் எங்கள் வீட்டு முன்புறம் சுமார் 600 சதுர அடியில் அருகம்புல் லான் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. முதல் வருடம் பச்சைக் கம்பளம்தான். இப்போது தண்ணீர்க் குழாய் ஓரத்திலும் மாமர நிழலிலும் மூன்று இலை கொண்ட ஒரு களை படர்ந்து, புல்லையே மறைக்கிறது. சின்னதாக மஞ்சள் பூ பூக்கிறது. பிடுங்கினால் பத்தே நாளில் மறுபடி வந்துவிடுகிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து மோவரால் ஒட்ட வெட்டித் தரும் தோட்டக்காரர், “2,4-டி அடித்தால் போய்விடும்” என்கிறார். வேலியோரம் தக்காளியும் பப்பாளியும் இருப்பதால் எனக்குப் பயம். பக்கத்து வீட்டில் உப்புக் கரைசல் ஊற்றச் சொல்கிறார்கள். என் மாமியாரோ, “இது புளியாரை, துவையல் அரைக்கலாமே” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: செடியின் பெயரைச் சரியாகச் சொன்னவர் உங்கள் மாமியார்தான். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் எல்லாமே புளியாரைக்குப் பொருந்துகின்றன. ஆனாலும் வேலையைத் தொடங்கும் முன் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். லானில் மூன்றிலைக் களைகள் வேறு சிலவும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

புளியாரையின் மூன்று சிற்றிலைகளும் நுனியில் பிளவுபட்டு இதய வடிவில் இருக்கும், மாலையில் குடைபோல் மடங்கிக்கொள்ளும். பூவுக்கு ஐந்து மஞ்சள் இதழ்கள். காய், சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே நீளமான வெண்டைக்காயை நிமிர்த்தி வைத்தாற்போல் வானம் பார்த்து நிற்கும். இலையைக் கிள்ளி வாயில் வைத்தால் புளிக்கும்.

இலை இன்னும் பொடியாக, பூ ஊதா கலந்த ரோஜா நிறத்தில், காய் தட்டையாகக் கணுக்கணுவாக இருந்து துணியில் ஒட்டினால் அது சிறுபுள்ளடி. நான்கு இலை இருந்தால் ஆரைக்கீரை. அது நீர் தேங்கும் இடத்துச் செடி. ஊட்டி, கொடைக்கானல் பக்கத்துப் புல்தரைகளில் வெள்ளைப் பூக்கள் உருண்டையாகத் திரண்டு நிற்கும் குளோவர் உண்டு. அதில் புளிப்பு இருக்காது. பெரிய இலையும் இளஞ்சிவப்புப் பூவுமாக ஒரு புளியாரை வகையும் இருக்கிறது. அது மண்ணுக்குள் குட்டிக் கிழங்குகளால் பெருகுவதால், கிழங்கோடு தோண்டியெடுக்க வேண்டும். உங்களுடையது மஞ்சள் பூ என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

பிடுங்கியும் ஏன் போகவில்லை?

இரண்டு காரணங்கள். முதலாவது தண்டு. புளியாரைத் தண்டு தரையோடு ஊர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டுக்கொண்டே போகும். மேலே பிடித்து இழுத்தால் தண்டு அறுந்து கையோடு வரும். வேர்விட்ட கணுக்கள் புல்லுக்கடியில் தங்கிவிடும். ஒவ்வொரு கணுவும் தனிச்செடியாகும்.

இரண்டாவது விதை. இதுதான் முக்கியம். முற்றிய காயைத் தொட்டாலே வெடிக்கும். விதையைச் சுற்றியிருக்கும் வெள்ளைத் தோல் சட்டென்று உட்புறம் வெளியாகத் திரும்பி, விதையை ஒன்றிரண்டு மீட்டர் தூரம் தெறிக்க விடுகிறது. நீங்கள் பிடுங்கும்போதும், மோவர் உரசிக்கொண்டு போகும்போதும் நடப்பது இதுவே. தண்டு பிளேடுக்குக் கீழே படுத்துத் தப்பிக்கிறது. காய் மட்டும் வெடித்து விதைக்கிறது. ஆக, காய் நிற்கும்போது பிடுங்குவதும் வெட்டுவதும் கிட்டத்தட்ட நாமே விதைப்பதற்குச் சமம். காய் முற்றுமுன் முந்திக்கொள்வதுதான் இந்தக் களையோடு உள்ள முழுப் போட்டியும்.

இந்த விதை முளைக்க வெளிச்சமும் ஈரமும் வேண்டும். அடர்ந்த புல்லுக்கடியில் வெளிச்சம் எட்டாது. ஒட்ட வெட்டிய புல்லில் தாராளமாகக் கிடைக்கும். குழாயடியில் ஈரம் எப்போதும் இருக்கிறது. மாமர நிழலில் அருகு மெலிந்து மண் தெரிகிறது. அந்த இரண்டு இடங்களில் களை வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

2,4-டி, உப்பு

தோட்டக்காரர் சொன்ன மருந்து அகன்ற இலைக் களைகளுக்கானதுதான். அந்தச் செடிகளின் வளர்ச்சி ஹார்மோனைப் போல நடித்து, கட்டுக்கடங்காமல் வளரவிட்டு முறுக்கிச் சாகடிக்கும். புல்லினங்கள் பெரும்பாலும் தப்பிக்கும். ஆனால் புளியாரை இதற்கு எளிதில் மசியாது. இலை மஞ்சளித்துச் சுருளும், சில வாரத்தில் கணுவிலிருந்து மறுபடி துளிர்க்கும். அதே நேரத்தில், காற்றில் பறந்த ஒரு சிறு தூறலே தக்காளியையும் பப்பாளியையும் கோணலாக்கப் போதும். பருத்தியும் திராட்சையும்கூட இதற்குத் தாங்காது. இந்த மருந்து அடித்த தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல் காய்கறிக்குப் பயன்படுத்திச் செடிகள் நாசமாவது தோட்டங்களில் அடிக்கடி நடப்பது. 600 சதுர அடிக்கு இந்த வம்பு வேண்டாம். கிளைபோசேட் யாராவது சொன்னால் அதுவும் வேண்டாம். அது களையோடு அருகையும் சேர்த்தே கொல்லும்.

உப்பை மறந்துவிடுங்கள். புளியாரை சாகிற அளவுக்கு உப்பு ஊற்றினால் புல்லும் கருகும், மண்ணும் இறுகும். சொட்டையான அந்த இடத்தில் பிறகு முதலில் குடியேறுவதும் களைதான்.

செய்ய வேண்டியது

*களை எடுப்பு.* தண்ணீர் பாய்ச்சிய மறுநாள், மண் இளகியிருக்கும்போது உட்காருங்கள். முதலில் நிமிர்ந்த காய்கள் உள்ள கிளைகளை ஒரு பிளாஸ்டிக் பையால் பொத்தி, பைக்குள்ளேயே கிள்ளி எடுத்துவிடுங்கள். தெறிக்கிற விதை பையோடு நிற்கும். அதன்பின் தண்டின் ஒரு நுனியைத் தூக்கிப்பிடித்து, அது ஊர்ந்த வழியே போய், ஒவ்வொரு கணுவையும் சின்னக் களைக்கொத்தால் நெம்பி வேரோடு எடுங்கள். எடுத்ததைக் கம்போஸ்ட் குழியில் போடாமல், ஓரடி ஆழத்தில் புதையுங்கள்; வெளிச்சம் படாத விதை முளைக்காது. பிறகு வாரம் ஒருமுறை ஒரு சுற்று. புதிதாக முளைப்பவை அப்போது இரண்டு விரலில் வந்துவிடும். மஞ்சள் பூ கண்ணில் பட்டால் மறுநாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

*வெட்டும் உயரம்.* ஒட்ட வெட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். வீட்டு லானில் அருகு ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் நிற்கட்டும். ஒருமுறைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது. அப்படியென்றால் நன்றாக வளரும் மாதங்களில் பதினைந்து நாள் இடைவெளி அதிகம். வாரம் ஒருமுறை வெட்ட வேண்டும்.

*தண்ணீர்.* தினமும் மேலாகத் தெளிப்பது புளியாரைக்கு விருந்து, அருகுக்கு அரைப்பட்டினி. வாரத்துக்கு ஒரு அங்குலம் என்று கணக்கு வையுங்கள். உங்கள் லானுக்கு அது சுமார் 1,400 லிட்டர். அதை இரண்டு தவணையாகப் பிரித்து, வேர் வரை இறங்கும்படி விடுங்கள். கடும் கோடையில் சற்றுக் கூட்டலாம். மழை பெய்த வாரத்தில் வேண்டாம். குழாய் ஒழுகுகிறதென்றால் முதலில் வாஷரை மாற்றுங்கள்.

*உரம்.* அருகு வேகமாக வளர்வது வெயில் காலத்தில். பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை, 600 சதுர அடிக்கு அரைக் கிலோ யூரியா போதும். புல் காய்ந்திருக்கும்போது மணலோடு கலந்து சீராகத் தூவி, உடனே தண்ணீர் விடுங்கள். இலையில் தங்கினால் கருகும்.

*சொட்டை இடங்கள்.* களை எடுத்த இடத்தை வெறுமையாக விடாதீர்கள். லானின் அடர்ந்த மூலையிலிருந்து கையளவுப் புல் கட்டிகளைப் பெயர்த்து, நான்கு அங்குல இடைவெளியில் ஊன்றுங்கள். மேலே தூவ மண் வாங்கினால் எந்த இடத்து மண் என்று கேளுங்கள். மக்காத தொழு உரம் வேண்டாம். நர்சரியிலிருந்து வரும் தொட்டிச் செடிகளில் புளியாரை பெரும்பாலும் இலவச இணைப்பாக வரும். தொட்டியை லான் அருகே வைக்குமுன் அதன் மேல்மண்ணைப் பாருங்கள்.

*மாமரத்தடி.* அருகுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். அது கிடைக்காத இடத்தில் என்ன செய்தாலும் அது மெலியும். கீழ்க்கிளைகளைக் கழித்துப் பாருங்கள். போதாதென்றால் அங்கே மட்டும் நிழல் தாங்கும் எருமைப்புல்லுக்கு மாறுங்கள்.

துவையல் விஷயத்தில் மாமியாருக்கு ஒரு வார்த்தை. கடந்த மாதங்களில் எந்த மருந்தும் அடிக்காத, நாய் பூனை புழங்காத இடத்துப் புளியாரையை எப்போதாவது ஒருமுறை அரைக்கலாம். அதன் புளிப்பு ஆக்ஸாலிக் அமிலத்தால் வருவது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தொட வேண்டாம்.

முற்றிலும் ஒழித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். மண்ணில் ஏற்கெனவே விழுந்த விதைகள் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் முளைக்கும். ஆனால் ஒரு முழுப் பருவம் காய் முற்ற விடாமல் பார்த்துக்கொண்டால், வாராந்திரச் சுற்று கால்மணி நேர வேலையாகச் சுருங்கிவிடும். வேலியோரமாக ஒரு கைப்பிடி எஞ்சினாலும் நஷ்டமில்லை: புல்லின் மேல் தாழப் பறக்கும் சின்ன நீல வண்ணத்துப்பூச்சிகளில் ஒரு வகைக்குப் புழுப்பருவத்தில் புளியாரை இலைதான் சாப்பாடு. அதுவும் காய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டக்காரர் அடுத்தமுறை வரும்போது மருந்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். மோவர் பிளேடை ஒரு படி மேலே ஏற்றச் சொல்லுங்கள்; அதே பணத்துக்கு வாரம் ஒருமுறை வரச் சொல்லிப் பேசுங்கள்.