கால் இல்லாதவருக்குத் தோட்டத்தில் என்ன வேலை?



சென்ற முறை லீவில் எனது ஊரான சரவணைக்குப் போயிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, வேலணைத் தீவில் இருக்கிற ஊர். 1990 இல் நாங்கள் சின்னப் பிள்ளைகளாக அந்த ஊரை விட்டு வெளிக்கிட்டவர்கள். திரும்பி வந்தவர்களில் எனது ஒன்றுவிட்ட அண்ணரும் ஒருவர். இடம்பெயர்ந்து வன்னியில் இருந்த காலத்தில் மிதிவெடியில் ஒரு பாதம் போய்விட்டது. இப்போது ஜெய்ப்பூர் கால் போட்டுக்கொண்டு, வேலிக்குக் கிடுகு பின்னுகிறார், மற்றவர்களுக்கு வலையும் பொத்திக் கொடுக்கிறார்.

கதைத்துக்கொண்டு இருக்கும்போது கேட்டார்: "தம்பி, நீ தோட்டத்திலை நலன்புரி உத்தியோகத்தர் எண்டு சொல்லுறாய். அங்கை என்னைப்போலை ஒருத்தன் வந்தால் என்ன வேலை குடுப்பியள்?"

எனக்குப் பதில் வரவில்லை. காரணம் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், ஸ்டோரில் றோலருக்குள் கை அகப்பட்டு ஒரு தொழிலாளிக்கு வலது கையில் மூன்று விரல் போனது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் நான்தான், நட்டஈட்டுக் கடிதம் எழுதியதும் நான்தான். அதே பேனையால், "இனி வேலைக்குத் தகுதியில்லை" என்ற பத்திரத்தையும் நிரப்பிக் கொடுத்தேன். பேர் வெட்டப்பட்டது. அந்த நேரம் அது எனக்குப் பிழையாகத் தெரியவில்லை. நட்டஈடு கிடைத்தது தானே என்று நினைத்தேன்.

இந்தப் பாடம் அதனால்தான் எழுதுகிறேன். பெரிய கம்பனிகள் உடல் ஊனமுள்ளவர்களை வேலைக்கு எடுப்பது எப்படி, எடுத்தபின் என்ன செய்கின்றன என்று தேடிப் படித்ததில் சில விஷயங்கள் நமக்கும் பயன்படும்.

முதலில் தமிழ்நாட்டுக்குப் போவோம். ஓசூரில் டைட்டன் என்ற கைக்கடிகாரக் கம்பனி உண்டு. 1984 இல் டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாகத் தொடங்கியது. ஓசூர் அந்தக் காலத்தில் வறட்சியான தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. கடிகாரம் பூட்டத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை. அதனால் பள்ளிக்கூடம் முடித்த கிராமத்துப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, பழக்கி, வேலையில் வைத்தார்கள். காது கேளாதவர்களையும் கை கால் பாதிக்கப்பட்டவர்களையும் தொடக்க காலம் முதலே எடுத்தார்கள். தனிக் கொட்டகை போட்டு ஒதுக்கி வைக்காமல், மற்றவர்களோடு ஒரே வரிசையில் இருத்தினார்கள். இதற்காக அந்தக் கம்பனிக்கு இந்திய அரசின் தேசிய விருதும் கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கடிகாரம் பூட்டுவது இருந்த இடத்தில் இருந்து செய்யும் வேலை. கண்ணும் விரலும் வேண்டும், காதும் காலும் அவ்வளவு வேண்டாம். ஆகவே அங்கே யாரும் இரக்கப்பட்டு வேலை கொடுக்கவில்லை. வேலைக்கு என்ன தேவை என்று பார்த்து ஆளை வைத்தார்கள். "காது கேளாதவன் கதைக்க மாட்டான், அதனால் நல்லாய் வேலை செய்வான்" என்று சிலர் சொல்வார்கள். அது வெறும் பேச்சு. கைதடி நவீல்ட் பாடசாலைப் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர்கள் கையால் கதைக்கிற கதைக்கு முடிவே இல்லை!

வேலையை இப்படிப் பிரித்துப் பார்க்கும் வழி இதைவிடப் பழையது. அமெரிக்காவில் மோட்டார் கார் செய்த ஹென்றி ஃபோர்ட் 1922 இல் வெளிவந்த தனது புத்தகத்தில் ஒரு கணக்கைச் சொல்கிறார். அவருடைய தொழிற்சாலையில் எத்தனை வகை வேலை உண்டு என்று ஒன்றொன்றாக எழுத வைத்தார். 7,882 வகை வந்தது. அதில் நல்ல பலசாலி செய்ய வேண்டிய வேலை 949 தான். சாதாரண உடல்பலம் போதும் என்பது 3,338. மிச்சம் 3,595 வேலைக்கும் உடல்பலமே பெரிதாகத் தேவையில்லை. இந்த இலகு வேலைகளைத் திரும்பவும் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு காலும் இல்லாதவர் செய்யக்கூடியது 670, ஒரு கால் உள்ளவர் செய்யக்கூடியது 2,637, ஒரு கை உள்ளவர் செய்யக்கூடியது 715, கண் தெரியாதவர் செய்யக்கூடியது 10, இரண்டு கையும் இல்லாதவர் செய்யக்கூடியதுகூட 2 இருந்தது.

கணக்கோடு நிற்கவில்லை. உடற்குறையுள்ளவர்கள் 9,563 பேர் அங்கே வேலை செய்ததாக எழுதியிருக்கிறார். ஒரு கண் பார்வையற்றவரைக் களஞ்சியத்தில் நட், போல்ட் எண்ணும் வேலைக்கு விட்டார்களாம். அதே வேலையில் உடல்பலமுள்ள இருவர் ஏற்கனவே இருந்தார்கள். இரண்டு நாளில் மேற்பார்வையாளர் கடிதம் அனுப்பினார்: அந்த இருவரையும் வேறு இடத்துக்கு மாற்றுங்கள், இவர் தன் வேலையோடு அவர்கள் வேலையையும் செய்துவிடுகிறார் என்று.

ஃபோர்டைப் பெரிய தர்மவான் என்று நினைத்துவிட வேண்டாம். 1941 வரைக்கும் தொழிற்சங்கத்தை உள்ளே விடாதவர் அவர். அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கணக்கைத்தான். வேலையைப் பொதுவாக "தோட்ட வேலை" என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்தால் கால் இல்லாதவருக்கு இடமில்லை. மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால் இடமுண்டு.

லீவு முடிந்து வந்ததும் நானும் அவிழ்த்துப் பார்த்தேன். கணக்கப்பிள்ளை ஒருவரையும் ஸ்டோரில் பழைய ஆள் ஒருவரையும் கூட வைத்துக்கொண்டு எழுதினோம். இரண்டு தாள் நிறைந்துவிட்டது. மலையில் கொழுந்து எடுக்கவும், கவ்வாத்து வெட்டவும், கான் வெட்டவும் நல்ல காலும் கையும் வேண்டும். அதில் சந்தேகமில்லை. ஆனால் தவறணையில் பொலித்தீன் பைக்கு மண் நிரப்புவது இருந்து செய்யும் வேலை. கன்றுக்குத் தண்டு வெட்டுவதும் அப்படித்தான். ஸ்டோரில் தூளிலிருந்து நார் பொறுக்குவதற்குக் கண்ணும் விரலும் போதும். சாக்கில் இலக்கம் போட ஒரு கை போதும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கு எழுதுவது, கத்தி தீட்டுவது, ஸ்டோர் வாசலில் காவல், பிள்ளைக்காம்பராவில் உதவி... இப்படிப் போகிறது. "இதெல்லாம் வயசானவங்களுக்குக் குடுக்கிற வேலைங்க ஐயா" என்றார் கணக்கப்பிள்ளை. அவர் சொன்னதும் சரி. இலகு வேலை கொஞ்சம்தான், கேட்கிறவர் பலர். ஆனால் தேவைப்பட்டவருக்குத்தான் அது போகிறதா என்று நாம் யாரும் பார்த்ததில்லை.

வேலை கொடுப்பதோடு, வேலைக்கு வர உதவுவதும் கம்பனியின் பங்கு. செயற்கைக் காலை எடுங்கள். ஜெய்ப்பூர் கால் றப்பரால் ஆனது. சப்பாத்து இல்லாமல் நடக்கலாம், ஈரத்தில் மிதிக்கலாம், குந்தி இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இதற்கென ஜெய்ப்பூர் நிலையம் இருக்கிறது. காலைப் போட்டபின் லயத்திலிருந்து வேலையிடம் வரைக்கும் படிக்கட்டுக்கு ஒரு கைபிடி வேண்டும். காது கேளாதவருக்கு மணிச்சத்தத்தோடு ஒரு விளக்கும் எரிய வேண்டும். இவை பெரிய செலவில்லை. றோலருக்கு ஒரு மறைப்புப் போடுவது அதைவிட முக்கியம், அதைப் பற்றி வேறாக எழுத வேண்டும்.

சட்டத்தையும் சொல்லி வைக்கிறேன். நமது நாட்டில் 1988 இல் வந்த அரசாங்கச் சுற்றறிக்கை, அரசாங்க வேலையில் நூற்றுக்கு 3 இடம் ஊனமுள்ளவர்களுக்கு என்கிறது. தனியார் கம்பனிக்கு அப்படி ஒரு எண்ணிக்கை இல்லை. ஆனால் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், ஊனத்தைக் காரணம் காட்டி வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. மீறினால் மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். இன்னொன்று. நமது சங்கங்கள் கூட்டு ஒப்பந்தத்துக்காக எத்தனையோ தடவை எதிரே உட்கார்ந்து பேசிய அதே முதலாளிமார் சம்மேளனம்தான், ஊனமுள்ளவர்களுக்கு வேலை கொடுக்கும் கம்பனிகளைச் சேர்த்து ஒரு வலையமைப்பும் நடத்தியது. ஆகவே இந்தக் கதை நிர்வாகத்துக்குப் புதிதில்லை. 1992 இல் தோட்டங்களைக் கையேற்ற கம்பனிகளும் பெரிய கம்பனிகள்தான்.

வேலையில் விபத்து நடந்தால் ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நட்டஈடு 1934 ஆம் ஆண்டின் சட்டப்படி வருவது. அது போன உறுப்புக்கு. அதை வாங்கினால் வேலையை விட வேண்டும் என்று அர்த்தமில்லை. பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டால், என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்துப் படித்துப் பாருங்கள். இலகு வேலை வேண்டுமென்று எழுத்தில் கேளுங்கள், வைத்தியரிடம் எந்த வேலை செய்யலாம் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். "எந்த வேலை செய்ய முடியாது" என்று மட்டும் எழுதினால் பேர் வெட்டத்தான் அது உதவும். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் பதிந்தும் வையுங்கள்.

மூன்று விரல் இழந்தவரைத் தேடி, பழைய தோட்டத்துக்கு ஒருநாள் போனேன். ஆள் அங்கே இல்லை. கொழும்பில் ஒரு கடையில் இருக்கிறாராம். "பார்சல் கட்டுறாருங்க, நல்லாத்தான் கட்டுறாரு" என்றார் அவருடைய மனைவி. பார்சல் கட்டுகிற கையால் சாக்கும் கட்டியிருக்கலாம்.

இரண்டு தாளையும் இப்போது பெரட்டு நடக்கும் இடத்தில் ஒட்டியிருக்கிறோம். மூன்றாம் கிழமை, சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிய பிள்ளை ஒன்று தாயோடு வந்து, தவறணை என்று எழுதின இடத்தில் விரலை வைத்துக் காட்டியது. கங்காணி தலையைச் சொறிந்தார். பிறகு, "நாளைக்கு வா, பாப்பம்" என்றார். போன மாதத்திலிருந்து அந்தப் பிள்ளைக்குப் பேர் விழுகிறது.