மின்சாரச் சாமான் விற்பவர்க்கும் வாங்குபவர்க்கும்



மதீனாவின் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் கையை நுழைத்துப் பார்த்த வரலாற்றை, மதரஸாவில் நாலு நாள் உட்கார்ந்தவர்கள் யாவரும் கேட்டிருப்போம். மேலே தானியம் காய்ந்திருந்தது. உள்ளே விரல்களில் ஈரம் பட்டது. மழை பெய்து நனைந்துவிட்டதென்று வியாபாரி காரணம் சொன்னார். அப்படியானால் நனைந்ததை ஜனங்கள் கண்ணில் படும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று நாயகம் அவர்கள் கேட்டு, மறைத்து விற்பவரைத் தம்மவராகக் கொள்ளாமல் கண்டித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்க, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி இது.

இதை அரிசிக்கும் மிளகாய்க்கும் உரிய பாடமாகவே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அரிசியில் ஈரமிருந்தால் வாங்குபவர் தாமே கைவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பிளக்கின் வயிற்றுக்குள் யார் கைவிட்டுப் பார்ப்பது? மின்சாரச் சாமானின் குறை வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலும் விற்பவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஆகையால் இச்சாமானை விற்பவர் அதைச் சோதிக்கும் அளவுக்காவது கற்றுக்கொண்டே விற்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இந்த அபிப்பிராயம் எனக்கு எப்படி வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வேன் கொண்டுவந்து மொத்த விலைக்குச் சரக்குப் போடும் ஒருவரிடம் பன்னிரண்டு எக்ஸ்டென்ஷன் பலகைகள் வாங்கினேன். வழக்கமான விலையைவிடச் சில வெள்ளி குறைவு. பில் கேட்டேன், அடுத்த தடவை தருகிறேன் என்றார். ஒன்பது பலகைகள் விற்றுப் போயின. ஒருநாள் தோட்டத்து லயத்திலிருந்து ஓர் அம்மாள் வந்து, “பாய், உங்க கடை ஒயரைப் போட்டதுலேருந்து துணி தொவைக்கிற மெஷினைத் தொட்டாக் கை சுருக்குங்குது” என்றார். மெஷினில்தான் கோளாறு இருக்குமென்று நான் சொல்லத் தொடங்கியும்விட்டேன். பிறகு என்ன தோன்றியதோ, கடையில் மீதமிருந்த ஒன்றின் திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இரண்டே கம்பிகள் இருந்தன. மேலே மூன்று துளைகள், கீழே இரண்டு கம்பிகள்! மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒரு துண்டுத் தகடுகூட இல்லை. மற்ற இரண்டையும் கழற்றினேன், அவையும் அப்படியே.

அந்த மூன்றாவது கம்பி என்ன வேலை செய்கிறது என்பதை நம்மில் அநேகர் யோசிப்பதில்லை. இரும்பு உடம்புள்ள மெஷினிலோ இஸ்திரிப் பெட்டியிலோ உள்ளே கம்பி நைந்து உடம்பில் பட்டுவிட்டால், மின்சாரம் பூமிக்குள் இறங்க வழி தேடும். மூன்றாவது கம்பியாகிய எர்த் இருந்தால் அதன் வழியே ஒரே பாய்ச்சலில் இறங்கி, பியூஸை எரித்தோ சுவிட்சைத் தள்ளியோ தானே அறுந்துபோகும். அது இல்லையேல், யார் தொடுகிறாரோ அவருடைய உடம்பே வழியாகிவிடும். அந்த அம்மாள் துணி துவைக்குமிடம் எந்நேரமும் ஈரமான சிமெண்டுத் தரை. அன்று சுருக்கென்றதோடு போனது அல்லாஹ்வின் கிருபை என்றே சொல்ல வேண்டும்.

விற்பதற்கு முன்பே பொருளில் இருந்த மறைவான குறை பின்னால் தெரியவந்தால், வாங்கியவர் அதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்பது ஃபிக்ஹு கிதாபுகளில் உள்ள சட்டம். அவர்கள் தேடி வரட்டும் என்று இருந்துவிட மனம் ஒப்பவில்லை. மோட்டார் சைக்கிளில் லயங்களுக்கும் கம்பத்து வீடுகளுக்கும் போய்ப் பலகைகளை வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்தேன். ஏழு கிடைத்தன. வேன்காரர் அதன்பின் அந்தப் பக்கம் வரவில்லை. பில் இல்லாததால் நான் யாரிடம் போய்க் கேட்பது?

இதில் சட்டமும் இருக்கிறது. அது எனக்கு அப்போது தெரியாது. 1990-ஆம் ஆண்டு மின்சார விநியோகச் சட்டத்தின் கீழ் 1994-இல் வகுத்த விதிகளின்படி, பிளக், சொக்கெட், சுவிட்ச், எக்ஸ்டென்ஷன், அடாப்டர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி, காற்றாடி போன்ற வீட்டுச் சாமான்களுக்குச் சுருஹான்ஜாயா தெனாகா என்னும் எரிசக்தி ஆணையத்தின் அங்கீகாரம் வேண்டும். அங்கீகாரம் பெறாததை விற்பது மட்டும் குற்றமல்ல. இறக்குமதி செய்வதும், விளம்பரம் செய்வதும், கடையில் காட்சிக்குத் தொங்கவிடுவதுங்கூடக் குற்றமே. அங்கீகாரம் பெற்றதற்கு அடையாளம் சிரிம் முத்திரைச் சீட்டு. அதில் வரிசை எண் இருக்கும். அதைக் கொண்டு சரிபார்க்கலாம். முத்திரை அட்டைப் பெட்டியில் மட்டும் இருக்கிறதா, சாமானிலேயே இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். பெட்டி ஒன்றும் உள்ளிருப்பது வேறொன்றுமாக இருக்கக்கூடும்.

இனி பிளக்கைப் பற்றி. நாம் உபயோகிக்கும் 13 ஆம்பியர் மூன்று முனைப் பிளக் 1947-இல் பிரிட்டனில் தரம் வகுக்கப்பட்டு இங்கே வந்தது. மேலேயுள்ள எர்த் முனை மற்ற இரண்டைவிடச் சற்று நீளம். வீம்புக்கு அப்படிச் செய்யவில்லை. அது முதலில் நுழைந்து, கீழ்த் துளைகளை மூடியிருக்கும் கதவைத் திறக்கிறது. குழந்தை ஆணியை நுழைக்காதிருக்க வைத்த கதவு அது. நம் ஜனங்களோ, வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்த இரண்டு முனைச் சாமானைச் செருகுவதற்காக, மேல் துளையில் பேனாவையோ குச்சியையோ விட்டுக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். இந்த வித்தையைச் செய்யாத வீடு கோலசிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணம் வரையில் இருக்கிறதா என்பது சந்தேகம். எங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது. இரண்டு முனை அந்தத் துளையில் கெட்டியாகப் பிடிக்காது, தளர்ந்து ஆடும், ஆடுமிடத்தில் பொறி பறக்கும், பொறி பறக்குமிடம் கருகும். அதோடு நம் பிளக்கில் உள்ள பியூஸ் அதில் கிடையாது. முத்திரையுள்ள அடாப்டர் சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. சாமானின் முதுகில் எழுதியுள்ள வோல்ட்டையும் படியுங்கள். இந்நாட்டு மின்சாரம் முன்பு 240 வோல்ட் என்றிருந்து, 2008-லிருந்து 230 என்று வகுக்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் பேதம் பாராட்ட வேண்டியதில்லை. 100 அல்லது 120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் அது ஜப்பானுக்கோ அமெரிக்காவுக்கோ செய்த சாமான்; இங்கே செருகினால் எரிந்துபோகும்.

பியூஸ் விஷயத்தில் நாமே தவறு செய்கிறோம். “பாய், பிளக்குக்கு ஒரு பியூஸ்” என்று கேட்டால், எதற்கு என்று கேளாமல் 13 ஆம்பியரை எடுத்து நீட்டிவிடுகிறோம். கணக்கு சுலபம். சாமானில் எழுதியுள்ள வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் வரும். மேஜை விளக்கு, ரேடியோ போன்று 700 வாட்டுக்குள் அடங்கியவற்றுக்கு 3 ஆம்பியர் பியூஸ் போதும். கெட்டில், பெரிய இஸ்திரிப் பெட்டி போன்றவற்றுக்கே 13 வேண்டும். மெல்லிய கம்பியுள்ள விளக்கிற்கு 13 ஆம்பியர் பியூஸைப் போட்டால், கோளாறு வரும்போது கம்பி எரிந்து தீர்ந்த பிறகும் பியூஸ் சௌக்கியமாக இருக்கும்.

எக்ஸ்டென்ஷன் பலகைக்கும் இதே கணக்குத்தான். எத்தனை துளைகள் இருந்தாலும் அதன் சக்தி மொத்தம் 13 ஆம்பியரே. அதாவது ஏறக்குறைய 3,000 வாட். பெருநாள் காலையில் 2,000 வாட் கெட்டிலும், 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியும், 700 வாட் சோற்றுப் பானையும் ஒரே பலகையில் ஓடினால் 3,700 வாட் ஆகிறது, 16 ஆம்பியர். பலகையின் கம்பியில் எழுத்து அச்சிட்டிருக்கும். 13 ஆம்பியர் தாங்க அதில் 1.25 சதுர மில்லிமீட்டர் என்றிருக்க வேண்டும். 0.75 என்றிருந்தால் அது 6 ஆம்பியருக்குத்தான். ஒன்றுமே அச்சிடாத கம்பியை வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். சுருட்டிய கம்பியைச் சுருளாகவே வைத்துக்கொண்டு கனமான சாமானை ஓட்டுவதும், பாய்க்கடியில் கம்பியை விடுவதும் சூடு வெளியேறாமல் உருகுவதற்கு வழி. ஒரு பலகையில் இன்னொரு பலகையைச் செருகும் வழக்கத்தை என்னவென்று சொல்வது!

கம்பியின் நிறங்களையும் மனத்தில் வையுங்கள். சாமானோடு வரும் வளையும் கம்பியில் பழுப்பு நிறம் லைவ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இனிச் சொல்வது. பியூஸ் காப்பாற்றுவது கம்பியை, மனிதனை அல்ல. மனித உடம்பின் வழியே ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் முப்பது பங்கு, அதாவது 30 மில்லியாம்பியர், சிறிது நேரம் ஓடினாலே உயிருக்கு அபாயம். 13 ஆம்பியர் என்பதோ அதைப்போல் நானூறு மடங்குக்கு மேல். ஒரு மனிதன் துடிக்கும்போது பியூஸுக்கு ஒன்றுமே தெரிவதில்லை. மனிதனைக் காப்பது, மின்சாரம் வழிதவறிக் கசிந்தவுடன் அறுத்துவிடும் ஆர்.சி.டி. என்னும் சுவிட்ச். நம்மவர்கள் பழக்கத்தில் இ.எல்.சி.பி. என்றே சொல்கிறார்கள். 1994-ஆம் வருஷத்து விதிகளின்படி, கையில் பிடித்து உபயோகிக்கும் சாமான்களுக்கு 30 மில்லியாம்பியரும், குளியலறைச் சுடுநீர்ப் பெட்டி போன்று தரை ஈரமாகும் இடங்களுக்கு 10 மில்லியாம்பியரும், மற்றவற்றுக்கு 100-ம் இருக்க வேண்டும். வீட்டில் ஒரே ஒரு 100 மில்லியாம்பியர் சுவிட்சை வைத்துக்கொண்டு, எல்லாம் பத்திரம் என்று நினைப்பவர் அநேகர். சுடுநீர்ப் பெட்டி வாங்க வருபவரிடம், “பத்து மில்லி சுவிட்ச் இருக்கா அண்ணே?” என்று கேட்பது நம் கடமை. அந்தச் சுவிட்சில் ‘டி’ என்றொரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்தினால் சுவிட்ச் கீழே விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் அலங்காரம். மின்சாரம் ஓயாமல் போகிறதென்று அந்தச் சுவிட்சையே கழற்றி நேரே கம்பியை இணைத்துவிடும் புத்திசாலிகளும் உண்டு. சுவிட்ச் விழுகிறதென்றால் எங்கோ கசிகிறதென்று பொருள்.

புதிய சொக்கெட் வைப்பது, அறைக்குக் கம்பி இழுப்பது இவையெல்லாம் ஆணையத்தின் சான்று பெற்ற வயர்மேன் செய்ய வேண்டிய வேலை. வீடு முழுவதும் வயரிங் மாற்றினால் போராங் ஜி, போராங் ஹெச் என்னும் இரு சான்றிதழ்களையும் குத்தகைக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டத்து வீட்டில் மின்வசதி செய்து தருவது 446-ஆவது சட்டப்படி முதலாளியின் பொறுப்பு. ஆகையால் பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளி ஒருவர், லயத்து வீட்டில் தாமே கம்பி இழுக்கப் பத்து மீட்டர் ஒயர் கேட்டால், முதலில் தோட்டத்து ஆபீசில் சொல்லும்படி சொல்லுங்கள். அந்த வியாபாரம் நமக்கு வேண்டாம்.

நனைந்த தானியத்திற்கு மறுபடி வருகிறேன். 2021 டிசம்பர் வெள்ளத்தில் சிலாங்கூரின் பல இடங்கள் மூழ்கியதை மறந்திருக்க மாட்டோம். அப்படி வெள்ளம் புகுந்த கடையில் சுவிட்சும் பிளக்கும் பிரேக்கரும் நனைந்துவிட்டால், வெயிலில் காயவைத்துத் துடைத்துப் பாதி விலைக்குத் தள்ளிவிடலாமென்று ஒரு சபலம் எழும். வெளியே பளபளவென்றுதான் இருக்கும். உள்ளே சேறும் உப்பும் பித்தளையைத் தின்றுகொண்டிருக்கும். வீழ வேண்டிய நேரத்தில் பிரேக்கர் வீழாது. வெள்ளம் பார்த்த தானியத்தை அப்படியென்று சொல்லிக் கோழித் தீவனத்துக்கு விற்கலாம். வெள்ளம் பார்த்த பிரேக்கரைச் சொல்லியும் விற்கலாகாது. அதைக் குப்பையில் போடும் முன் சுத்தியலால் உடைத்துவிடுவது நல்லது, வேறொருவர் பொறுக்கிக்கொண்டு போய் மாட்டாதிருக்க. கடலோரத்தில் தஞ்சோங் காராங், செகிஞ்சான் பக்கம் கடை வைத்திருப்போர், வெள்ளம் வராவிட்டாலும் உப்புக் காற்றில் நெடுநாள் தொங்கிய பிளக்குகளின் முனையில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்துவர வேண்டும்.

அந்தப் பன்னிரண்டு பலகைகளில் இரண்டு இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. வாங்கியவர் யாரென்று ஞாபகமும் இல்லை. வெள்ளை நிறம், மூன்று சொக்கெட், ஓரத்தில் ஒரு சிவப்புச் சுவிட்ச், முதுகில் யாதொரு முத்திரையும் கிடையாது, கம்பியில் எழுத்தும் கிடையாது. இவ்வட்டாரத்தில் அப்படியொன்றை யாரேனும் உங்கள் கடைக்குப் பழுது பார்க்கவோ மாற்றவோ கொண்டுவந்தால், சகோதரர்கள் தயவுசெய்து அதைத் திருப்பிக் கொடுத்துவிடாமல், பணத்தைக் கொடுத்து வாங்கி வைத்து, சங்கத்தின் மூலம் எனக்குச் சொல்லியனுப்புங்கள். அந்தப் பணத்தை நான் தந்துவிடுகிறேன்.