ரேஸ் காருக்கு எந்த ரேடியேட்டர்?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)

விடுமுறை நாட்களில் கோவையில் ஒரு ஷெட்டுக்கு உதவிக்குப் போகிறேன். அங்கே ஒருவர் சொந்தக் காசில் பழைய 1300 சிசி எஸ்டீம் காரை ரேஸுக்குத் தயார் செய்து ஓட்டுகிறார். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பயிற்சி ஓட்டம் ஓடினால் ஐந்தாவது சுற்றிலேயே டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விடும். "ரேடியேட்டர் பத்தலை, பெருசா போட்ருவோம்" என்று முடிவாயிற்று. இரண்டு மடங்கு தடிமனில் புதியது வந்தது. முள் அப்படியேதான் ஏறியது. ஹெட் கேஸ்கட் போய், அலுமினிய ஹெட்டும் வளைந்தது. டயருக்கென்று அவர் வைத்திருந்த பணம் அதிலேயே கரைந்தது. இதற்கு வேண்டிய சூத்திரம் என் நோட்டில் இருந்தது. ஆனால் ஷெட்டில் நான் வாய் திறக்கவில்லை. அந்தக் குறைக்காகவே இக்கட்டுரை.

முதலில் கணக்கு

வெப்பம் = ஒரு வினாடியில் ஓடும் நிறை × தன்வெப்ப ஏற்புத்திறன் × வெப்பநிலை வேறுபாடு. இது நாம் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான்.

நம் எஞ்சின் தண்ணீருக்குக் கொடுக்கும் வெப்பம் 40 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரின் தன்வெப்ப ஏற்புத்திறன் சுமார் 4.2. ரேடியேட்டரில் தண்ணீர் 8 டிகிரி குளிர வேண்டுமானால் வினாடிக்கு 1.2 கிலோ, அதாவது நிமிடத்துக்கு சுமார் 70 லிட்டர் ஓட வேண்டும். நல்ல வாட்டர் பம்ப் இதைத் தந்துவிடும்.

இனி காற்று. அதன் ஏற்புத்திறன் 1 தான். வெளிக்காற்று 35 டிகிரியில் நுழைந்து 65 டிகிரியில் வெளியேறினால், வினாடிக்கு 1.3 கிலோவுக்கு மேல் காற்று தேவை. கன அளவில் இது சுமார் 1.2 கன மீட்டர். 60 செ.மீ. அகலமும் 35 செ.மீ. உயரமும் உள்ள கோர் என்றால், அதற்குள் காற்று மணிக்கு சுமார் 20 கி.மீ. வேகத்தில் போனால் போதும்.

கார் 100 கி.மீ. வேகத்தில் போகிறதே, 20 கூடவா கிடைக்காது என்று கேட்கலாம். கிடைக்காமல் போகும்! காற்று சுலபமான வழியைத்தான் தேடும். ரேடியேட்டரின் ஓரத்தில் இடைவெளி இருந்தால் அதன் வழியே நழுவிவிடும். எங்கள் காரில் இரு பக்கமும் கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது.

தேர்வு செய்யும்போது

1. பரப்பு: தடிமனைவிட முகப்பரப்பு முக்கியம். தடித்த கோரில் பின்வரிசைக் குழாய்களுக்கு, முன்வரிசையில் ஏற்கெனவே சூடான காற்றுதான் போகும். காற்றுக்குத் தடையும் கூடும். எனவே தடிமன் இரட்டித்தால் குளிர்ச்சி இரட்டிக்காது. இடம் இருந்தால் அகலத்தையோ உயரத்தையோ கூட்டுங்கள்.

2. உலோகம்: செம்பு வெப்பத்தை நன்றாகக் கடத்தும், ஆனால் கனம். அதன் அடர்த்தி 8.9, அலுமினியம் 2.7 தான். அலுமினியத்தில் அகலமான குழாய்களை வைத்து, கடத்துதிறன் குறைவை ஈடுகட்டுகிறார்கள். ஆனால் ஓட்டை விழுந்தால் செம்பு-பித்தளை ரேடியேட்டரைப் பற்றவைக்க ஊரெங்கும் ஆள் உண்டு. அலுமினியத்துக்கு டிக் வெல்டிங் வேண்டும்.

3. மூடி: 0.9 பார் மூடி போட்டால் தண்ணீர் சுமார் 118 டிகிரியில்தான் கொதிக்கும். மூடி, தண்ணீர்ப் பாதையின் உச்சியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே காற்று தங்கிவிடும்.

4. தண்ணீர்: கிளைகால் கலந்த கூலன்ட் சிந்தினால் டிராக் வழுக்கும். அதனால் பல போட்டிகளில் அதற்குத் தடை. காய்ச்சி வடித்த நீரோடு துரு தடுப்பான் கலக்கலாம். போர் தண்ணீர் ஊற்றினால் குழாயில் உப்பு படியும்.

5. பொருத்துதல்: ஹோஸ் வாய்களின் விட்டமும் பக்கமும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். அடியில் ரப்பர் புஷ் அவசியம். இல்லாவிட்டால் அதிர்விலேயே விரிசல் விடும்.

ஒரு தவறான நம்பிக்கை

"தம்பி, தண்ணி மெதுவா போனாத்தான் ஆறும்" என்று ஷெட்டில் சொல்வார்கள். மெதுவாகப் போனால் வெளிவரும் தண்ணீர் அதிகம் ஆறியிருப்பது உண்மைதான். ஆனால் கோரின் சராசரி வெப்பநிலை இறங்கிவிடுவதால், காற்றுக்குப் போகும் மொத்த வெப்பம் குறைகிறது. எஞ்சினுக்குள் சூடு தேங்குகிறது.

பிறகு நடந்தது

ஹெட் திரும்பி வந்த அன்று, தயங்கித் தயங்கி நோட்டைக் காட்டினேன். மெக்கானிக் அண்ணன் சிரிக்கவில்லை. "அப்ப காத்த அடைச்சுப் பாப்பமா?" என்றார். தகரத்தையும் ஸ்பாஞ்சையும் வைத்து ஓரங்களை எல்லாம் மூடினோம். தடித்ததைக் கழற்றிவிட்டு, பழைய ரேடியேட்டரையே சுத்தம் செய்து மாட்டினோம். அடுத்த பயிற்சியில் பத்து சுற்று ஓடியும் முள் சிவப்பைத் தொடவில்லை.

எனவே நண்பர்களே, புது ரேடியேட்டர் வாங்கும் முன் மூடி, அடைப்பு, கேஸ்கட் கசிவு, காற்று வழி ஆகிய நான்கையும் பாருங்கள். வகுப்பில் படித்ததை ஷெட்டில் சொல்லக் கூச்சப்படாதீர்கள். நான் ஒரு மாதம் முன்னால் சொல்லியிருந்தால் அந்த ஹெட் தப்பியிருக்கும்.