முருங்கைக்கீரையை நிறுத்துங்கள்

கினி பிக் வளர்க்கத் தொடங்கியிருக்கும் பினாங்குப் பிள்ளைகளே, உங்கள் பிராணிக்கு ஒருமுறை சிறுநீரில் கல் வந்திருந்தால் இதை இருமுறை படியுங்கள்.

1. நம் உடம்பு தேவைக்கேற்ற கால்சியத்தையே ஈர்த்துக்கொள்ளும். மலாயில் தீக்குஸ் பெலாண்டா எனப்படும் இந்தச் சிறு உயிரோ, தின்றதில் பெரும்பகுதியை ஈர்த்து, மிஞ்சியதைச் சிறுநீரில் தள்ளும். கல் அங்கேதான் உருவாகிறது.

2. தமிழ் வீடுகளில் தவறு நடப்பது கீரையில். முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை எல்லாம் எலும்புக்கு நல்லதென்று அம்மா நமக்கு ஊட்டியவை. அந்தக் கால்சியம்தான் இதற்கு வினை. நானும் பின்கட்டு முருங்கையை நாள்தோறும் ஒடித்துப் போட்டு, ஆசையாய்த் தின்கிறதே என்று மகிழ்ந்தவன். சிறுநீரில் ரத்தம் கண்டு எக்ஸ்ரே எடுத்தபோது, பயறளவு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அன்றோடு நிறுத்தினேன். பசலை, பாயாம் கீரைகளில் ஆக்சலேட் அதிகம், அவையும் வேண்டாம்.

3. கால்சியத்தை அறவே ஒழிக்கவும் கூடாது. தினம் ஒரு துண்டு சிவப்புக் குடைமிளகாய், கொஞ்சம் வெள்ளரி, சாலட் இலை போதும். நம்மைப் போலவே இதற்கும் வைட்டமின் சி உடம்பில் ஊறாது; கிலோ எடைக்குத் தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். குடைமிளகாயில் அது நிறைய, கால்சியம் மிகக் குறைவு. சௌரஸ்தா மார்க்கெட்டில் சோளம் வாங்கினால் பச்சை மட்டையை எறியாதீர்கள், விரும்பித் தின்னும்.

4. காய்ந்த திமோத்திப் புல் எந்நேரமும் கூண்டில் இருக்கட்டும். அல்ஃபால்ஃபா குட்டிக்கும் சினைக்கும் மட்டும். நம் ஊர் ஈரத்தில் புல் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். முகர்ந்து பார்த்துப் போடுங்கள். பிள்ளையாருக்கு வாங்கும் அருகம்புல்லையும் நன்றாகக் கழுவிக் கொடுக்கலாம்.

5. கழுவிய இலையை உதறாமல், ஈரத்தோடு கொடுங்கள். அந்த நீரும் உள்ளே போகட்டும்.

6. வாழைத்தண்டுச் சாறோ பார்லித் தண்ணீரோ இந்தக் கல்லைக் கரைக்காது. வீட்டில் மிஞ்சிய அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கையும் கொடுத்துவிடாதீர்கள். அது குடலின் நல்ல நுண்ணுயிர்களை அழித்து உயிரையே வாங்கும்.

7. சிறுநீர் கழிக்கையில் கத்தினாலோ, முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்தாலோ அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். சொட்டுக்கூட வரவில்லையென்றால், நள்ளிரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.