பழைய காருக்கு ரேடியல் டயர்: வாங்குமுன் ரிம்மைப் பாருங்கள்

நம் வியாபாரிகள் பலரிடம் இன்றும் ஓர் அம்பாசிடரோ பத்மினியோ இருக்கிறது. அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றது. பத்மினி அதற்கும் முன்பே. இவற்றுக்கு ஆதியில் வந்தவை நாம் நைலான் டயர் என்று சொல்லும் கிராஸ்பிளை டயர்கள். இப்போது மாற்றப் போனால் கடைக்காரர் ரேடியலைத்தான் எடுத்துப் போடுகிறார். போடலாம். ஆனால் சரக்கைப் பார்க்குமுன் சாக்கைப் பார்ப்பது நம் தொழில் வழக்கமல்லவா?

கிராஸ்பிளையில் நூல் அடுக்குகள் சாய்வாக ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும். ரேடியலில் அவை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராகச் செல்லும். தரையில் படும் பாகத்தின் அடியில் எஃகுக் கம்பிப் பட்டை இருக்கும். பிரான்சின் மிச்லின் கம்பெனி 1946-இல் காப்புரிமை பெற்ற முறை இது. பக்கம் நெகிழும், அடிப்பாகம் விறைப்பாக நிற்கும். ஆகவே தேய்மானம் குறைவு, பிடிப்பு அதிகம். அந்தப் பிடிப்பே வளைவில் ரிம்மைக் கூடுதலாக இழுக்கிறது. துருப்பிடித்த ரிம், நட்டுத் துளை ஓரம் விரிசல் கண்ட ரிம் இதைத் தாங்காது. பெயிண்டைச் சுரண்டிப் பார்த்து, சந்தேகமிருந்தால் ரிம்மையே தள்ளிவிடுங்கள். டயரில் மிச்சம் பிடிப்பதைவிட இது முக்கியம்.

பழைய ரிம்கள் பலவற்றில் டியூப்லெஸ் டயர் நழுவாமல் தடுக்கும் உள்மேடு கிடையாது. எனவே டியூப் அவசியம். அதுவும் ரேடியலுக்கென்று விற்கும் டியூப். டயரின் உட்புறம் ஒட்டியிருக்கும் காகிதத்தை உரித்துவிடச் சொல்லுங்கள். அது உரசி உரசியே டியூப் ஓட்டையாகும். பல மெக்கானிக்குகள் இதைக் கவனிப்பதில்லை.

அம்பாசிடரின் அளவு 5.90-15. அதாவது அகலம் 5.90 அங்குலம், சுமார் 150 மி.மீ.; ரிம் 15 அங்குலம். ரேடியலில் இதற்கு நெருங்கியது 165/80 ஆர் 15. உயரம் சற்றுக் குறைவதால் ஸ்பீடோமீட்டர் உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். பார்வைக்கு எடுப்பாக இருக்குமென்று 195, 205 என்று போனால் ஒடுங்கிய ரிம்மில் டயர் பிதுங்கும், மட்கார்டில் உரசும், ஸ்டியரிங் கல்லாகும்.

டிக்கியில் மூட்டை ஏற்றுபவர்கள் அளவுக்குப் பக்கத்திலுள்ள பளு எண்ணையும் பார்க்க வேண்டும். 86 என்றால் ஒரு டயர் 530 கிலோ தாங்கும். 83 என்றால் 487 கிலோதான்.

காற்று சரியாக இருந்தாலும் ரேடியல் சற்றுச் சப்பையாகவே தெரியும். கண்ணை நம்பி மேலும் அடிக்காமல் கேஜ் வைத்துப் பாருங்கள்.

இரண்டை மட்டும் இப்போது மாற்றுவோம் என்பவர்கள் ரேடியலைப் பின்னால்தான் போட வேண்டும். முன்னால் ரேடியல், பின்னால் நைலான் என்றால் ஈரச் சாலை வளைவில் வண்டியின் பின்பாகம் வீசிவிடும். ஒரே அச்சில் இரண்டையும் கலப்பது அறவே கூடாது. ஸ்டெப்னியையும் கணக்கில் சேர்த்து ஐந்தாகவே விலை பேசுங்கள்.