வலசைப் பருவம் தொடங்குகிறது: களப்பயணத்துக்கு முன் சங்கத்தின் காப்பீட்டைச் சரிபாருங்கள்

ஐப்பசி பிறந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழையோடு வலசைப் பறவைகளும் வந்து சேரும் நேரம் இது. இனி மாசி வரை பள்ளிக்கரணை, வேடந்தாங்கல், கோடியக்கரை, கூந்தன்குளம் என்று இயற்கை ஆர்வலர் சங்கங்களின் ஞாயிற்றுக்கிழமைகள் நிரம்பிவிடும். பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பும் உண்டு. உறுப்பினர்கள் அதிகமாக வெளியே செல்லும் மாதங்கள் இவைதான். ஏரிக்கரைகள் வழுக்குவதும் ஓடைகளில் திடீரென்று நீர் பெருகுவதும் இதே மாதங்களில்தான்.

முதல் பயணத்துக்கு முன்பே நிர்வாகக் குழு காப்பீட்டை முடித்துவிட வேண்டும். காப்பீட்டுச் சட்டம், 1938இன் 64விபி பிரிவின்படி, பிரீமியம் முன்கூட்டியே செலுத்தப்பட்டால்தான் நிறுவனம் பொறுப்பேற்கும். போய்வந்த பிறகு கட்டிக்கொள்ளலாம் என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

யார் பொறுப்பு?

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. குழுவாக அழைத்துச் செல்பவர்களுக்குப் பொறுப்பு உண்டு என்பதை அந்த இழப்பு எல்லோருக்கும் உணர்த்தியது.

நம் சங்கங்களில் பயணத்தை நடத்துபவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், கல்லூரி மாணவர்கள். ஒரு பைசா வாங்காமல் விடியற்காலையில் எழுந்து வருகிறவர்கள். ஆனால், லாபத்துக்காக நடத்தவில்லை என்பது கவனக்குறைவு வழக்கில் போதுமான பதில் ஆகாது. பதிவு செய்யாத குழுவாக இருந்தால் வக்கீல் நோட்டீஸ் நேராக ஏற்பாட்டாளரின் வீட்டுக்கே வரும்.

"என் சொந்தப் பொறுப்பில் வருகிறேன்" என்ற கையெழுத்துப் படிவம் மட்டும் சங்கத்தைக் காப்பாற்றிவிடாது. நடத்துபவரின் கவனக்குறைவை அது அழித்துவிடுவதில்லை. ஆனாலும் படிவத்தை வாங்குங்கள். ஆபத்துகளை முன்பே சொன்னோம் என்பதற்கு அது சான்று. உறுப்பினரின் ரத்த வகை, மருந்து ஒவ்வாமை, வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவையும் கையில் இருக்கும்.

இரண்டு பாலிசிகளும் வேண்டும்

பல சங்கங்கள் குழு விபத்துக் காப்பீடு எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகின்றன. அது பாதி வேலைதான்.

குழு தனிநபர் விபத்துக் காப்பீட்டில் யார்மீது தவறு என்ற கேள்வி எழாது. விபத்தில் இறப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால், குறித்த தொகை உறுப்பினருக்கோ குடும்பத்துக்கோ கிடைக்கும். மருத்துவச் செலவு வேண்டுமென்றால் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். நடக்கும்போது வரும் மாரடைப்பு விபத்தாகக் கருதப்படாது. பாம்புக்கடி, குளவிக்கொட்டு, யானை தாக்குதல் ஆகியவை அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பொதுப் பொறுப்புக் காப்பீடு சங்கத்தைக் காக்கிறது. காயமடைந்தவர் சங்கத்தின்மீது நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டால், பாலிசி வரம்புக்குள் தீர்ப்புத் தொகையையும் வக்கீல் செலவையும் நிறுவனம் ஏற்கும். நம் அடுப்பிலிருந்து பறந்த பொறியில் ஒரு விவசாயியின் வைக்கோற்போர் எரிந்தாலும் அவருக்கு உரிய இழப்பீட்டைக் கொடுக்க இதுவே வழி.

கையெழுத்திடும் முன் கேளுங்கள்

1. உறுப்பினர்களும் 'மூன்றாம் நபர்' ஆவார்களா? சில பாலிசிகளில் உறுப்பினர் சங்கத்தின் அங்கமாகவே பார்க்கப்படுவார்; அப்போது அவர் கேட்கும் நஷ்டஈட்டுக்குப் பாதுகாப்பு இருக்காது. உறுப்பினருக்கும் விருந்தினருக்கும் பொருந்தும் என்று பாலிசியிலேயே எழுதச் சொல்லுங்கள்.

2. பயணத்தை நடத்தும் தன்னார்வலர்கள் காப்பீடு பெற்றவர்கள் பட்டியலில் இருக்கிறார்களா? சங்கத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது.

3. எந்தெந்தச் செயல்கள்? படகு, இரவு நடை, மலையேற்றம், பள்ளிப் பிள்ளைகளுடன் பயணம் என எல்லாவற்றையும் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். மலையேற்றத்தைச் சாகச விளையாட்டு என்று விலக்கும் பாலிசிகள் உண்டு.

4. வரம்பு எவ்வளவு? ஒரு விபத்துக்கு ஒன்று, ஓராண்டுக்கு ஒன்று என இரண்டு வரம்புகள் இருக்கும். ஒரே படகில் பலர் செல்லும்போது முதல் வரம்புதான் முக்கியம்.

5. பாலிசி எந்தத் தேதியிலிருந்து தொடர்கிறது? இந்தியாவில் பெரும்பாலான பொறுப்புக் காப்பீடுகள், பாலிசி நடப்பில் இருக்கும்போது வரும் கோரிக்கைகளையே ஏற்கின்றன. ஒரு வருடம் புதுப்பிக்காமல் விட்டால் பழைய விபத்துக்கான வழக்குக்கும் பாதுகாப்பு போய்விடக்கூடும். இடைவெளி விடாதீர்கள்.

வண்டியும் அனுமதியும்

சாலை விபத்தைப் பொதுப் பொறுப்புக் காப்பீடு ஏற்காது. அது வாகனக் காப்பீட்டின் வேலை. ஆகவே வேன் பிடிக்கும்போது மஞ்சள் போர்டு வண்டியையே பிடியுங்கள். ஓன் போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்தால், பாலிசி நிபந்தனை மீறப்பட்டது என்று நிறுவனம் கைவிரிக்கலாம். பெர்மிட், எஃப்சி, காப்பீட்டு நகல்களைப் புறப்படுவதற்கு முந்தின நாளே வாங்கி வையுங்கள். பெர்மிட்டில் உள்ள எண்ணிக்கைக்கு மேல் ஒருவரைக்கூட ஏற்றாதீர்கள்.

காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். தெரிந்தே சட்டத்தை மீறியதால் எழும் இழப்பைப் பொறுப்புக் காப்பீடு விலக்குகிறது. அனுமதி இல்லாத பாதையில் நடந்தால், பிரீமியம் கட்டியிருந்தும் காப்பீடு இல்லாத நிலைதான். பிப்ரவரி நடுவில் காட்டுத்தீக் காலம் தொடங்கும். மலைப் பயணத் தேதிகளை அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

விபத்து நடந்துவிட்டால்

முதலில் உயிர்: 108ஐ அழையுங்கள். அரசு மருத்துவமனையில் ஏஆர் காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்) வாங்குங்கள். காவல் நிலையத்தில் தகவல் கொடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே எழுதுங்கள். இடத்தைப் படமெடுத்து, உடனிருந்தவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு ஆறுதலும் உதவியும் தயங்காமல் செய்யுங்கள். ஆனால், இவ்வளவு தருகிறோம் என்று நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் வாக்குக் கொடுத்தால் கோரிக்கையே நிராகரிக்கப்படலாம்.

காப்பீடு கவனத்துக்கு மாற்று ஆகாது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் பாரதிய நியாய சம்ஹிதையின் 106ஆம் பிரிவு 5 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. அந்தத் தண்டனையை எந்தப் பாலிசியும் தாங்காது. மழை எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். முதலுதவிப் பெட்டி இல்லாமல் கிளம்பாதீர்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

நிர்வாகக் குழுவைக் கூட்டித் தீர்மானம் எழுதுங்கள். தை முடியும் வரையுள்ள பயணங்களின் இடம், நாள், உத்தேச எண்ணிக்கை ஆகியவற்றைப் பட்டியலிடுங்கள். அதை வைத்து இரண்டு நிறுவனங்களிடமாவது விலைப்புள்ளி கேளுங்கள். பாலிசி வந்ததும் விலக்குகள் பகுதியைச் செயலரும் பொருளாளரும் முழுதாகப் படிக்க வேண்டும். சுருக்கத்தை எல்லா வழிநடத்துநர்களுக்கும் அனுப்புங்கள். செலவுக்குத் தயங்கினால் பயணக் கட்டணத்தில் ஒரு சிறு தொகையைக் கூட்டி, காரணத்தை உறுப்பினர்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பாலிசி கைக்கு வரும் வரை பயண அறிவிப்பை நிறுத்தி வையுங்கள். கூலியில்லாமல் உழைக்கும் தன்னார்வலருக்கும், நம்மை நம்பிப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கும் சங்கம் செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கடமை இது.